தொழிலில் நல்ல தலைவராக வளர, தத்துவக் கருத்துகளை எப்படிப் பயன்படுத்துவது?

படிப்பதால் மட்டும் எனக்கு எதுவும் மாறவில்லை. வேலை நடுவே ஒரே ஒரு குறளைப் பிடித்துக்கொண்டபோதுதான் மாறியது. அதையே சொல்கிறேன்.

ஒரு சிறிய குழுவுக்கு நான் பொறுப்பேற்ற புதிது. வாடிக்கையாளர்களுக்குக் கொட்டேஷன் தயாரிக்கும் வேலையை ஒருவரிடம் கொடுத்து, "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அன்று இரவே அவர் போட்ட கணக்கைத் திறந்து தள்ளுபடியை மாற்றினேன். மறுநாள் இன்னொன்றைத் திருத்தினேன். மூன்றாவது வாரத்தில் அவர் அனுப்பிய எல்லா மின்னஞ்சலும் "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றே முடிந்தது. அவருக்குத் திறமை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

பள்ளியில் மனப்பாடம் செய்த 510-வது குறள்தான். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரைச் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும். அந்த இரண்டு தவறையும் ஒரே ஆளிடம் செய்திருந்தேன். அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் அந்த வாரம் அவருக்கு வேறு வேலை இல்லை என்பதுதான். அதில் ஆராய்ச்சி எங்கே இருந்தது?

அப்புறம் அவரோடு உட்கார்ந்து, பழைய கொட்டேஷன்கள் ஐந்தை எடுத்து, ஒவ்வொரு விலையையும் எப்படி முடிவு செய்தார் என்று கேட்டேன். அடக்க விலையை என்னைவிட நுணுக்கமாகப் பார்க்கிறார். ஆனால் பணம் செலுத்தத் தவணை கேட்டால் மறுக்கத் தயங்குகிறார். சரி, இந்த அளவுவரை தள்ளுபடி உங்கள் முடிவு, தவணை என்று வந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள் என்று எல்லை வகுத்தோம். அந்தக் கோப்பைத் திருத்தும் அனுமதியை எனக்கு நானே நீக்கிக்கொண்டேன். முதல் சில வாரங்கள் கை பரபரத்தது உண்மை.

"இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்" என்ற குறளை மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். எல்லோரும் 'ஆய்ந்து' என்பதைத்தான் அழுத்துகிறார்கள். எனக்குக் கடினமாக இருந்தது 'விடல்'. ஒப்படைத்த பிறகு விட்டுவிட வேண்டும்.

பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டஸையும் பலர் பரிந்துரைப்பார்கள். அடிமையாக வாழ்ந்து பின் ஆசிரியரான அவர், நம் கையில் இருப்பவை, இல்லாதவை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். நம் மதிப்பீடும் விருப்பமும் நம் கையில் இருக்கின்றன. பேரும் பதவியும் இல்லை. பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவிய நாளில் இது எனக்குத் துணையாக இருந்தது. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் இதைத் தன் குழுவுக்கு உபதேசிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலைச் சுமையைப் பற்றிச் சொல்ல வந்தவரிடம் "உங்கள் மனநிலை உங்கள் கையில்தான்" என்று சொல்வது அநியாயம். அவர் சுமையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறதே!

அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: நியாயமான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவர் நியாயமானவர் ஆகிறார். அதனால் பத்துத் தத்துவவாதிகளை ஒரே மாதத்தில் படிக்க வேண்டாம். ஒரு கருத்தை எடுத்து, வேலையில் அது எந்த நேரத்தில் தேவைப்படும் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தில் மட்டும் பழகுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிறகு சத்தமில்லாமல் நீங்களே திரும்ப எடுத்துக்கொண்ட வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதல்முறை நான் எழுதியபோது நான்கு வந்தது. அதில் மூன்றை அந்த வாரமே அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.