ரங்கூனைச் சைக்கிளில் சுற்ற: கேள்வி பதில்

பர்மாவின் ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு, வருகிற நம் ஆட்கள் வந்து இறங்கியதும் டாக்ஸி பிடித்து ஷ்வேடகோன், சூலே புத்தக் கோவில்கள், கடைத்தெரு என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சைக்கிளில் சுற்ற முடியுமா என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கேட்டால் நிறையக் கேட்கிறார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், கடைக்கும் கோவிலுக்கும் சைக்கிளில் போகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, ரங்கூனில் மோட்டார் பைக்கே ஓடாதாமே? அப்படியென்றால் சைக்கிளுக்கு ஜாலிதானே? (சென்னை)

நகரத்துக்குள் பைக் ஓட்ட 2003லிருந்து தடை இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் ஜாலி என்று சொல்ல மாட்டேன். 2011க்குப் பிறகு கார் இறக்குமதி விதிகளைத் தளர்த்தினார்கள். ஜப்பானில் ஓடி முடித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தன. பைக் இல்லாத இடத்தையெல்லாம் கார் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு, ஊர் நடுவில் பெரிய சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்கும் தடை உண்டு. சைக்கிள் படம் போட்ட தடைப் பலகை இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். போலீஸ்காரரிடம் வாதாட வேண்டாம்.

பிறகு எங்கேதான் ஓட்டுவது? சந்துகளில். 1850களில் வெள்ளைக்காரன் கட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. ஆற்றோரம் ஸ்ட்ராண்ட் சாலை, வடக்கே போஜோ ஆங் சான் சாலை, இரண்டுக்கும் நடுவில் எண் போட்ட தெருக்கள் வரிசையாக ஓடும். பெரிய சாலையை நடந்து கடப்பது, அடுத்த தெருவுக்குள் ஏறி மிதிப்பது. இப்படியே முழு டவுனையும் பார்த்துவிடலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் நிம்மதியாகச் சுற்றலாம். ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர் சைக்கிளை எடுக்காமலே இருக்கலாம்.

அங்கே வண்டி எந்தப் பக்கம் போகும்? (கொழும்பு)

வலப்பக்கம். 1970இல் மாற்றினார்கள். ஆனால் கார்களில் பெரும்பாலானவை ஜப்பான் வண்டி, ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். இதில் சைக்கிள்காரருக்கு ஒரு ஆபத்து இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். டாக்ஸி வலது ஓரத்தில் நிற்கும். டிரைவர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். நீங்கள் அந்த டாக்ஸியின் இடப்பக்கமாகத் தாண்டிப் போவீர்கள். பின்சீட்டுக்காரர் இறங்க அந்த இடது கதவைத் திடீரென்று திறந்துவிடலாம். டிரைவருக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது. நிற்கிற டாக்ஸியை ஒரு கதவு அகலம் தள்ளியே கடந்து போங்கள்.

சாலையைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியாவிலிருந்து வருகிற எல்லாரும் பழக்க தோஷத்தில் வலது பக்கமே பார்க்கிறார்கள்.

ஐயா, எங்கள் பாட்டையா முகல் தெருவில் கடை வைத்திருந்தாராம். இப்போது வரைபடத்தில் அந்தப் பெயரே இல்லை. சைக்கிளில் போய்ப் பார்க்க முடியுமா? (காரைக்குடி)

தாராளமாகப் பார்க்கலாம். முகல் தெரு இப்போது ஷ்வே பொன் தா தெரு. பழைய கடிதங்களோடு வருகிறவர்களுக்காக மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேசர் தெரு இப்போது அனோரத்தா சாலை, டல்ஹவுசி தெரு மகாபந்துல சாலை, ஃபேர் (Phayre) தெரு பான்சோடான், மாண்ட்கோமரி தெரு போஜோ ஆங் சான் சாலை. எண் தெருக்களுக்குப் பெயர்ப் பிரச்சினை கிடையாது.

அனோரத்தா சாலையில் காளியம்மன் கோவிலிலிருந்து தொடங்குங்கள். 1871இல் நம் ஆட்கள் கட்டியது. காலையில் பூக்காரர்கள் கடை விரிக்கும் நேரம் பார்க்க நன்றாக இருக்கும். பக்கத்திலேயே 26ஆம் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது, சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல்கள். அந்தக் காலத்து ரங்கூன் எப்படிக் கலந்து கிடந்தது என்று கால் மணி நேரத்தில் புரிந்துவிடும். அப்புறம் மெதுவாக முகல் தெருவுக்குள் போங்கள்.

அங்கே தலையைத் தூக்கிக்கொண்டே ஓட்டாதீர்கள். மேல்மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும். கீழே இழுத்தால் மேலே வீட்டில் மணி அடிக்கும். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போவார், வீட்டுக்காரம்மா மேலே இழுத்துக்கொள்வார். லிப்ட் இல்லாத ஆறு மாடிக் கட்டடத்தில் வேறென்ன செய்வது? சைக்கிளில் போகிறவருக்குச் சில கயிறுகள் சரியாகக் கழுத்து உயரத்தில் இருக்கும். நின்று பாருங்கள், படம் எடுங்கள், ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

அண்ணா, நான் தனியாக வருகிறேன். ஷ்வேடகோனுக்குச் சைக்கிள் உடையிலேயே போகலாமா? (கோலாலம்பூர்)

முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும் தங்கச்சி. பையில் ஒரு லுங்கி வைத்துக்கொண்டால் அரைக்கால் சட்டை மேல் சுற்றிக்கொள்ளலாம், இங்கே ஆண் பெண் எல்லாரும் லுங்கிதான். செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் பளிங்குத் தரை கொதிக்கும். இருட்டிய பிறகு சந்துகளில் நாய்கள் கூட்டமாக நிற்கும், மின்வெட்டு வேறு. ஆறு மணிக்கு முன்னால் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எங்கே போகட்டும்? (கோயம்புத்தூர்)

ஊரை விட்டு வெளியே போங்கள்! பான்சோடான் துறையிலிருந்து படகு ஏறினால் எதிர்க்கரையில் டாலா. சைக்கிளையும் ஏற்றலாம், சில நிமிடப் பயணம். இறங்கியதும் பைக் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அந்தக் கரையில் பைக் ஓடும். சிரித்துக்கொண்டே சைக்கிளைக் காட்டிவிட்டு நகருங்கள்.

டாலாவிலிருந்து ட்வான்டே சுமார் 25 கிலோமீட்டர். மேடு கிடையாது, கியர் தேவையில்லை. இரு பக்கமும் வயல், மூங்கில் வீடு, தாமரைக் குளம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நம் ஊர் போலவே இருக்கும். 2008இல் நர்கீஸ் புயல் சூறையாடிய பகுதி இது. பல ஊர்களில் கோடையில் குளத்துத் தண்ணீர்தான் குடிக்க. அதனால் குடிநீரை ரங்கூனிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ட்வான்டே மண்பாண்டத்துக்குப் பேர் போனது. பானைகள் அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் கேரியரில் பானையைக் கட்டிக்கொண்டு 25 கிலோமீட்டர் திரும்ப வர வேண்டும் என்பதை யோசித்து வாங்குங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே துறையில் கேட்டு வைப்பது நல்லது.

ஜூலையில் வரலாமா?

வேண்டாம். மே நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. நனைவது பெரிய விஷயமில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்று தெரியாது, முன்சக்கரம் உள்ளே போய்விடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா. அப்போது சைக்கிளில் போனால் வாளி வாளியாக அபிஷேகம்தான்.

சாப்பாடு? சென்னை பர்மா பஜாரில் விற்கும் அத்தோ நூடுல்ஸ் அங்கேயும் அதே ருசியா? (சென்னை, வேறொருவர்)

அது பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் வளர்த்த ருசி. இங்கே காலையில் மொஹிங்கா சாப்பிடுங்கள். வாழைத்தண்டு மிதக்கிறதே என்று சைவம் என நினைத்துவிட வேண்டாம், அது மீன் குழம்பில் போட்ட அரிசி நூடுல்ஸ். சைவக்காரர்கள் ‘தெத் தட் லுட்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். களைத்தால் டீக்கடையில் குட்டை முக்காலியில் உட்காருங்கள். பால் டீக்குத்தான் காசு. மேஜையில் பிளாஸ்கில் இருக்கும் வெறும் டீ எவ்வளவு குடித்தாலும் இலவசம்.

சைக்கிளை அங்கேயே வாங்கலாமா, கொண்டுவரட்டுமா?

ஓரிரு நாள் என்றால் விடுதியில் வாடகைக்குக் கேளுங்கள். அதற்கு மேல் என்றால் ஜப்பானிலிருந்து வரும் பழைய கூடை வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாம். பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், தேய்ந்துதான் இருக்கும். பஞ்சர் ஒட்டுபவர் தெருவோரத்தில் கிடைப்பார்.

இப்போதைய நிலைமையில் போலீஸ், ராணுவத் தொந்தரவு இருக்குமா? (சிங்கப்பூர்)

2021க்குப் பிறகு சோதனைச் சாவடிகள் உண்டு, கெடுபிடி கூடும், குறையும். உங்கள் நாட்டு அரசின் பயண அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வந்தால் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். அரசுக் கட்டடம், பாலம், சீருடைக்காரர்களைப் படம் எடுக்காதீர்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தன்லினுக்குச் சைக்கிளில் போகலாமா மாமா? (மோல்மேன்)

போகலாம் மாப்பிள்ளை. ஆனால் லாரி அதிகம். தன்லின் பாகோ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, ஆற்றின் பழைய பாலத்தில் ரயிலும் ஓடும், சாலையும் உண்டு. சைக்கிளுக்கென்று ஒதுங்க இடம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாலத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் நம் ஆட்கள் இருக்கிற ஊர்கள், தமிழிலேயே வழி கேட்டுக்கொள்ளலாம். திரும்பும்போது வெயில் ஏறிவிட்டால் சைக்கிளைச் சிறு லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிடு.