பால்மரத்துப் பாட்டுகளை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டிகள் பாடியதை மூன்று ஆண்டுகளாகப் பதிவு செய்து ஒரு பெரிய காணொளித் தளத்தில் போட்டு வந்தேன். தீமிதிப் பதிவுகளில் ஒலிபெருக்கியின் சினிமாப் பாட்டும் விழுந்திருந்தது. அடுத்தடுத்து காப்புரிமைப் புகார், சேனலே போய்விட்டது. பியர்டியூப்புக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே பத்திரமாக இருக்குமா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

மூலப் பதிவுகள் கையில் இருக்கின்றனவா? இருந்தால் இன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பியர்டியூப் நல்ல வழி. பிரான்சின் ஃபிரமாசாஃப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு வளர்க்கும் காணொளித் தள மென்பொருள், முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. யாரும் தங்கள் சர்வரில் நிறுவலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் அந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. மஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இருப்பவர் அங்கிருந்தபடியே உங்கள் சேனலைப் பின்தொடரலாம், கருத்தும் எழுதலாம்.

ஆனால் இப்படிச் சர்வர்கள் இணைந்த கூட்டமைப்பு என்றதும் நம் வீடியோ நூறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அப்படியில்லை. மற்ற சர்வர்களுக்குப் போவது தலைப்பு, விளக்கம், சிறுபடம், முகவரி போன்ற தகவல்கள்தான். கோப்பு நீங்கள் ஏற்றிய இடத்திலேயே கிடக்கும். இன்னொரு சர்வர்க்காரர் மனம் வைத்தால் நகல் வைப்பார். பலர் ஒரே நேரத்தில் பார்த்தால் வீடியோவின் துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள், சர்வருக்குப் பாரம் குறையும் (அவர்களின் ஐபி முகவரி ஒருவருக்கொருவர் தெரியவரும், இதைப் பார்ப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்). நம் கதை வேறு. பாட்டியின் தாலாட்டை இரவு பதினொரு மணிக்குக் கிள்ளானில் ஒரு பேத்தி தனியாகப் பார்ப்பாள். அப்போது முழுவதும் உங்கள் சர்வரிலிருந்துதான் போக வேண்டும்.

ஆகவே அந்தச் சர்வருக்கு மாதாமாதம் யார் காசு கட்டுவார்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வீடியோவும் பல தரங்களில் மாற்றி வைக்கப்படும், இடம் மடங்காகப் பெருகும். தெரியாத யாரோ நடத்தும் இலவச சர்வரில் ஏற்றினால், அவர் களைத்துப்போகும் நாளில் பாட்டிகளும் போய்விடுவார்கள்.

உங்கள் ஊரில் பிறந்து அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் போட்ட பால்வெட்டுத் தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். நீங்களும் பத்துப் பேரைச் சேருங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் கமிட்டியில் ஒருவர், வெளியூரில் கணினி வேலை பார்க்கும் லயத்துப் பிள்ளைகள். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் சின்னச் சர்வர் ஒன்றை நடத்தலாம். கடவுச்சொல் இருவரிடமாவது இருக்க வேண்டும்.

காப்புரிமைச் சட்டம் பியர்டியூப்பிலும் உண்டு. சினிமாப் பாட்டு வரும் இடத்தை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். வெட்டாத மூலத்தை டிஸ்கில் வையுங்கள். அந்த ஒலிபெருக்கியும் நம் திருவிழாதான்.

ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் பெயர், தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு வரை மரம் சீவினார் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். இந்த வேலை சர்வருக்காகக் காத்திருக்க வேண்டாம். பாட்டிகளுக்கு வயதாகிறது.

இரண்டாவது டிஸ்கை வைக்க ஆள் கிடைக்காவிட்டால் என்னிடம் கொடுங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ வருவேன்.