மகள் படம் இயக்கப் போகிறாளாம்: ரொறன்ரோப் பெற்றோருக்கு

உங்களை அரிக்கும் கேள்வி வருமானம்தானே? சொந்தமாக எழுதி இயக்கும் புலம்பெயர் தமிழ்ப் படம் வீட்டு வாடகையைக் கட்டாது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிடும். அதனால் இயக்கத்தோடு படத்தொகுப்பையோ ஒலிப்பதிவையோ மகள் கையோடு கற்கட்டும். கமராவுக்குப் பலர் முந்துவார்கள். சின்னப் படப்பிடிப்புகள் ஒலிக்குத்தான் ஆள் தேடி அலையும். ஒன்ராறியோவில் கனடா இயக்குநர் கில்ட் என்ற தொழிற்சங்கம் உதவி இயக்குநர்களையும் படத்தொகுப்பாளர்களையும் உறுப்பினராகச் சேர்க்கிறது. அந்த வழியில் வரும் சம்பளம்தான் சொந்தப் படத்துக்கு மூச்சு.

முதல் குறும்படம் 10 முதல் 12 நிமிடம், இரண்டு மூன்று நடிகர், ஒரே வீடு. அதற்கு மேல் வேண்டாம். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டி பெயர்ப்பட்டியலையும் சேர்த்து 15 நிமிடத்துக்கு மேல் ஏற்பதில்லை. மற்ற விழாக்களிலும் நீளமான குறும்படத்துக்கு இடம் ஒதுக்குவது கடினம். ஒன்ராறியோ கலை மன்றத்தின் மானியம் பட்டப் படிப்பின் பகுதியாக எடுக்கும் படத்துக்குக் கிடைக்காது. குறும்படங்கள் கையில் இருந்தால், முதல் முழுநீளப் படத்துக்கு, படங்களுக்கு அரசு நிதி தரும் டெலிஃபிலிம் கனடாவின் 'டாலண்ட் டு வாட்ச்' திட்டத்தைப் பார்க்கலாம்.

நல்ல படங்கள் பெரும்பாலும் சிக்குவது உரிமைப் பத்திரங்களில். கலியாண வீட்டுக் காட்சியில் பின்னால் சினிமாப் பாட்டு ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். இசையமைப்புக்கு ஓர் அனுமதி, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. உரிமைக்காரர் சென்னையில் ஒருவர், வேறெங்கோ மற்றவர். இரண்டும் இல்லாமல் விநியோகஸ்தர் தொடமாட்டார். படப்பிடிப்பில் பாட்டை நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் பதிய வேண்டும். இசையைப் பிறகு சேர்க்கலாம். பாட்டு வசனத்தோடு கலந்துவிட்டால் பிரிக்கப் படாத பாடு. தெரிந்த மாமா, மாமி நடித்தாலும் அன்றைக்கே சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். படம் வெளிவரும் நேரத்தில் சொந்தத்துக்குள் மனக்கசப்பு வந்தால் அந்தத் தாள்தான் துணை.

வசனமொழியும் முதலிலேயே முடிவாக வேண்டும். ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவில் பாதிக்கு மேல் வசனம் ஆங்கிலமல்லாததாக இருக்க வேண்டும். தீபா மேத்தா இயக்கிய 'ஃபன்னி பாய்' படத்தை 2020இல் கனடா அனுப்பியபோது, ஆங்கிலம் கூடிவிட்டதென்று அந்தப் பிரிவில் ஏற்கவில்லை.

துணைத்தலைப்பைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனிக் கோப்பாக வைக்கச் சொல்லுங்கள். மொன்றியலுக்குப் பிரெஞ்சு தேவைப்படலாம். விழாச் சுற்று முடியும்வரை யூடியூபில் போடவும் கூடாது, முதல் திரையிடலைக் கேட்கும் விழாக்கள் கதவை மூடிவிடும்.