மகளின் வீட்டு ஆய்வகத்துக்கு 45,000 ரூபாய்: இஎம்ஐ போடலாமா?

கேள்வி: மகள் இரண்டாம் ஆண்டு இசிஇ படிக்கிறாள். கல்லூரி லேபில் நான்கு பேருக்கு ஒரு மேசை. வீட்டிலேயே செய்து பழக ஆசிலாஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி), பவர் சப்ளை, சிக்னல் ஜெனரேட்டர் என 45,000 ரூபாய்க்குப் பட்டியல் தந்திருக்கிறாள். கிரெடிட் கார்டில் 12 மாத 'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்டு. வாங்கலாமா? - வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்கலாம், ஆனால் மொத்தமாக இப்போதே வேண்டாம்.

முதலில் அந்த இஎம்ஐ. இதில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்களே தவிர, வட்டி இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 15% என்று வைத்தால் 45,000 ரூபாய்க்குள் சுமார் 3,450 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். அதற்கு 18% ஜிஎஸ்டி, ஏறத்தாழ 620 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்க விலைத் தள்ளுபடியும் போய்விடும்.

இந்த செமஸ்டருக்கு 4,000 ரூபாய் ஒதுக்கினால் போதும். பெரிய பங்கு மல்டிமீட்டருக்குப் போகட்டும். ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டர் வேண்டாம். ஆம்பியர் துளையில் புரோபை விட்டுவிட்டு வோல்டேஜ் அளப்பது எல்லா மாணவர்களும் ஒருமுறையாவது செய்யும் தவறு. அது நேரடி ஷார்ட், அப்போது காப்பது ஃபியூஸ்தான். மீதியில் பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) இரண்டு, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் செட், 555 டைமர் ஐசி, எல்எம்358 ஆம்ப்ளிஃபையர் ஐசி, 1என்4007 டயோடு, 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் ஐசி, ஒரு அடாப்டர். அடாப்டர் 9 வோல்ட் போதும். 12 வோல்ட் கொடுத்து 7805-இலிருந்து அரை ஆம்பியர் எடுத்தால் 3.5 வாட் வெப்பமாகும். ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் தாங்காது. 9 வோல்ட்டில் அது 2 வாட்தான், அதற்கும் சின்ன ஹீட்சிங்க் வேண்டும். 230 வோல்ட் நேரடியாக வரும் எந்தச் சர்க்யூட்டும் இந்த மேசையில் வேண்டாம். அலைவடிவம் பார்க்க இப்போதைக்கு, சர்க்யூட்டைக் கணினியிலேயே இயக்கிக் காட்டும் எல்டிஸ்பைஸ் மென்பொருள் போதும், இலவசம்.

இஎம்ஐக்குப் போகவிருந்த 3,750 ரூபாயை மாதாமாதம் ஆர்டியில் போடுங்கள். எட்டு மாதத்தில் 30,000 ரூபாயும் வட்டியும் சேரும். அதற்குள் அவள் ஆஸிலேட்டர், ஃபில்டர் சர்க்யூட்டுகளைக் கட்டத் தொடங்கியிருந்தால் ஆசிலாஸ்கோப்புக்கு நியாயம் உண்டு. பிரெட்போர்டு தூசி படிந்து கிடந்தால், பணம் பத்திரமாக இருக்கும்.

கல்விக் கடன் எடுத்திருந்தால், அனுமதித்த செலவுப் பட்டியலில் கருவிகள் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். அந்த வட்டிக்குப் பழைய வரிமுறையில் எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு. கார்டு வட்டிக்குக் கிடையாது.

பழைய ஆசிலாஸ்கோப் வாங்குவதானால், முன்பக்கத்திலுள்ள சோதனை முனையில் புரோபை மாட்டி, சதுர அலை நேராக நிற்கிறதா என்று இரண்டு சேனலிலும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.