எந்த வரிசையில் கேட்பது?

வணக்கம் அண்ணா,
லோரோங் குலிட் சந்தையில் பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழுவின் மூன்றாவது ஆல்பம் இசைத்தட்டாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் பாட்டு வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது, ஆல்பத்துக்குப் பெயரே இரண்டு, 'தேர்ட்' என்றும் 'சிஸ்டர் லவர்ஸ்' என்றும். கம்பெனிகள் வேண்டுமென்றே முடக்கி வைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? இதில் எது அசல்?
ர., பட்டர்வொர்த்

அன்புள்ள ர.,

அசல் என்று ஒன்று கிடையாது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

முடக்கினார்கள் என்பது பாதிக் கதை. பைனான்ஸ் தகராறில் பெட்டிக்குள் கிடக்கும் தமிழ்ப் படம் என்றைக்கு வெளியே வந்தாலும் அதே படம்தான். இது அப்படியில்லை, வேலையே முடியாமல் கிடந்த ஆல்பம். 1974 இறுதியில் மெம்பிஸின் ஆர்டன்ட் ஸ்டூடியோவில் பதிவு நடந்தபோது குழுவில் மிச்சம் இருந்தது அலெக்ஸ் சில்டனும் டிரம்மர் ஜோடி ஸ்டீபன்ஸும் மட்டும்தான். முதல் இரண்டு ஆல்பங்களையும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் விநியோகக் குளறுபடியில் தட்டு கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1967இல், 16 வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவில் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பார்த்த பையன் சில்டன், அவர் எந்த மனநிலையில் ஸ்டூடியோவுக்குள் போயிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

'காங்கா ரூ' பாட்டைக் கேட்டாலே தெரியும். கிடாரையும் குரலையும் ஒரே டிராக்கில், பிரிக்கவே முடியாதபடி பதிவு செய்துவிட்டு, முடிந்தால் இதைப் பாட்டாக்கிக் காட்டு என்று தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனிடம் நீட்டினாராம். மனிதர் அசரவில்லை, அதன் மேலேயே இரைச்சலை அடுக்கடுக்காக ஏற்றினார். பாட்டு எந்த நிமிடமும் சரிந்து விழுந்துவிடும் போலவே போகும், ஆனால் விழாது. எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே அந்த ஆட்டம்தான்.

1975இல் மாதிரித் தட்டு அடித்து, டிக்கின்சனும் ஆர்டன்ட்டின் ஜான் ஃப்ரையும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். யாரும் வாங்கவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை, 'ஹோலோகாஸ்ட்' மாதிரி ஒரு இருண்ட பாட்டை வைத்துக்கொண்டு எந்த வானொலிக்குப் போவது? 1978இல் பிவிசி என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டபோது குழுவே இல்லை. சில்டன் கடைசி வரை வரிசையை முடிவு செய்யாததால் அவரவர் இஷ்டத்துக்கு அடுக்கினார்கள். 'சிஸ்டர் லவர்ஸ்' என்ற இரண்டாவது பெயர் எப்படி வந்தது என்றால், அப்போது சில்டனும் ஸ்டீபன்ஸும் காதலித்துக்கொண்டிருந்தது அக்கா தங்கையை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், முதலில் நினைத்திருந்த வரிசைக்கு நெருங்கப் பார்த்த 1992 ரைக்கோடிஸ்க் பதிப்பைக் கேளுங்கள். 2016இல் ஆம்னிவோர் வெளியிட்ட மூன்று குறுந்தட்டுத் தொகுப்பில் டெமோக்கள் எல்லாம் இருக்கின்றன, பைத்தியம் முற்றிய பிறகு அதற்குப் போகலாம்.

அப்புறம், உங்கள் தட்டின் லேபிளைப் பாருங்கள். பிவிசி என்று இருந்தால் எத்தனை வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள், வயிறு எரியும்.