அம்மாவுடன் கடலோரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலை வழியாக நீங்கள் குடும்பத்தோடு மோட்டார்ஹோமில், அதாவது கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில், போய்வந்ததைப் பற்றி ஒரு கட்டுரையின் நடுவே நாலு வரி எழுதியிருந்தீர்கள். என் தங்கை மெல்பர்னில் இருக்கிறாள். வரும் மே மாதம் நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அம்மா ஐந்து பேரும் அவளைப் பார்க்கப் போகிறோம். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு, மூட்டுவலி உண்டு. மோட்டார்ஹோம் எடுத்தால் வண்டி ஓடும்போதே அம்மா படுத்துக்கொள்ளலாம், மனைவி சமைத்துக்கொண்டே வரலாம், இரண்டு நாளில் எல்லா இடத்தையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை, "அதெல்லாம் சரிப்படாது, காரில் ஒரே நாளில் போய் வந்துவிடலாம்" என்கிறார். நான் இங்கே கார் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மா படுத்துக்கொண்டு வரும் விஷயம். அது முடியாது. வண்டி நகரும்போது எல்லோரும் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கட்டிலில் படுக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது, அடுப்பு பற்றவைக்கக் கூடாது. ஏழு வயதுக்குக் கீழே இருப்பதால் உங்கள் மகனுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். மோட்டார்ஹோமில் எல்லா இருக்கையிலும் அதை மாட்ட முடியாது. எத்தனை இடத்தில் மாட்டலாம், எந்த இடத்தில் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆறு பேர் தூங்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும், அந்தக் கணக்கு வேறு.

அடுத்து, உங்களிடம் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் மாப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். காரில் போய், ஏதாவது ஊரில் ஓர் இரவு அறை எடுத்துத் தங்கித் திரும்புங்கள். டார்க்கீயில் தொடங்கி வாரனம்பூல் பக்கத்திலுள்ள ஆலன்ஸ்ஃபோர்டு வரை அந்தச் சாலை மொத்தம் 243 கிலோமீட்டர். மெல்பர்னிலிருந்து பஸ்ஸில் காலையில் கிளம்பி, கடலுக்குள் தூண்தூணாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் பாறைகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு இரவுக்குள் திரும்புகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பதும் அதே கடல்தான். ஆனால் ஐந்து நாள் ஒதுக்க முடியுமென்றால் தயங்காமல் மோட்டார்ஹோம் எடுங்கள். உங்கள் அம்மாவுக்காகவே எடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். விக்டோரியாவில் நாலரை டன் வரையுள்ள வண்டியைச் சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாடகைக்குத் தருகிறவர்கள் கேட்கலாம். பழக வேண்டியது வண்டியின் நீளமும் உயரமும்தான். வளைவில் பின்பக்கம் எங்கே போகிறது என்பது கைக்கு வர ஒரு நாள் ஆகும். அதனால் முதல் நாள் அதிக தூரம் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால், ஒதுங்கி வழிவிட ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். தயங்காமல் ஒதுங்குங்கள். நான் முதல் நாள் பத்து தடவையாவது ஒதுங்கியிருப்பேன், ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

போகும் திசை முக்கியம். மெல்பர்னிலிருந்து மேற்கு நோக்கிப் போனால் கடல் உங்கள் இடது கைப்பக்கம், கதவை ஒட்டியே வரும். நிறுத்தங்களும் அதே பக்கம். திரும்பும்போது கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் வந்துவிடுங்கள், தூரம் குறைவு.

டார்க்கீ தாண்டி ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு மர வளைவு நிற்கும். எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், ஏறக்குறைய மூவாயிரம் பேர், 1919இல் தொடங்கி 1932 வரை போட்ட சாலை அது. போரில் செத்துப்போன தோழர்களுக்கு நினைவுச்சின்னமாகப் போட்டது. பெரிய இயந்திரங்கள் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, தள்ளுவண்டி. இடப்பக்கம் செங்குத்தாகக் கடல், வலப்பக்கம் வெட்டின பாறை, நடுவில் நம் வண்டி. லார்னிலிருந்து அப்போலோ பே வரையுள்ள நாற்பத்தைந்து கிலோமீட்டரில், ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பாறையை வெட்டின கைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. போரிலிருந்து திரும்பி வந்தவனுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அந்த வேலை ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதியில்தான் எங்களுக்கு ஒரு விபத்தும் நடந்தது. சமையல் இழுப்பறையை நான் சரியாகத் தாழிடவில்லை. லார்ன் தாண்டி ஒரு வளைவில் அது தானாகத் திறந்து, டம்ளர், கரண்டி, முந்தின நாள் வைத்த புளிக்குழம்புத் தூக்கு எல்லாம் தரையில். உள்ளே வலதும் இடதுமாக ஓடிய குழம்பை என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தாள். எழுந்து துடைக்க முடியாதே. அடுத்த ஒதுங்குமிடம் வரும்வரை அப்படியே போனோம். அதன் பிறகு ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் என் மகள் ஒரு சுற்று வந்து இழுப்பறை, ஃபிரிட்ஜ் கதவு, மேல் ஜன்னல், கேஸ் மூடி என்று தொட்டுத் தொட்டுச் சொல்லுவாள். உங்கள் மகளுக்கும் அந்த வேலையைக் கொடுங்கள்.

சாலை முழுக்கக் கடலோரமாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போலோ பே தாண்டியதும் அது மலையேறி ஆட்வே காட்டுக்குள் நுழைந்துவிடும். அங்கே மெயிட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் பெரணி வளர்ந்த மழைக்காட்டுக்குள் ஒரு சின்ன நடைபாதை உண்டு, சுற்றி வர ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அம்மா மெதுவாக நடந்துவிடுவார். வளைவுகள் அதிகம், பிள்ளைகளுக்குக் குமட்டும். வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கிளம்பாதீர்கள்.

அப்போஸ்தலர் பாறைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவை பன்னிரண்டாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒன்பது இருந்தன, 2005 ஜூலையில் ஒன்று சரிந்து எட்டாயின. சுண்ணாம்புப் பாறை அது. அலை முதலில் குடைந்து குகையாக்குகிறது, குகை இரண்டு பக்கமும் திறந்து வளைவாகிறது, வளைவின் கூரை விழுந்ததும் தூணாக நிற்கிறது, பிறகு தூணும் விழுகிறது. பக்கத்திலேயே லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை 1990 ஜனவரியில் இப்படித்தான் நடுவில் விழுந்தது. அந்த நேரத்தில் அதன்மேல் நடந்துபோயிருந்த இருவர் கடல் பக்கம் மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டரில் மீட்டார்கள். என் மகன் இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் நின்ற இடத்தை ஒரு தடவை மிதித்துப் பார்த்தான்.

பார்வை மேடை வரை நல்ல பாதை, அம்மாவை அழைத்துப்போகலாம். கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படிகள், அங்கே நீங்களும் பிள்ளைகளும் மட்டும் இறங்குங்கள். கொஞ்சம் தள்ளி லாக் ஆர்ட் கார்ஜ் என்ற பாறை இடுக்கு இருக்கிறது. மற்ற எதை விட்டாலும் அதை விடாதீர்கள். 1878 ஜூன் 1ஆம் தேதி விடிகாலையில் லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல், மெல்பர்னை நெருங்கிவிட்ட நிலையில், அங்கே பாறையில் மோதி மூழ்கியது. 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர்தான். டாம் பியர்ஸ் என்ற கப்பல் பையன், ஈவா கார்மைக்கேல் என்ற பெண். கரை சேர்ந்த டாம், அவள் கூப்பிட்ட குரல் கேட்டு மறுபடியும் கடலுக்குள் நீந்திப் போய் இழுத்து வந்தான். கூட வந்த அவளுடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தக் கப்பலோடே போய்விட்டார்கள். மேலே நின்று இந்தக் கதையைச் சொன்னபோது என் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன பண்ணா?" அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள் என்றேன். "மறுபடியும் கப்பல்லயா?" என்றார். நான் அதுவரை அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

வாரனம்பூல் கரையில் திமிங்கலம் தெரிவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. மே மாதத்தில் அதை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மேயில் அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கங்காருக்கள் சாலைக்கு வருவது அந்த நேரத்தில்தான், அதனால் நாலு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். கடலைப் பார்த்த மாதிரி ஓரமாக நிறுத்தித் தூங்கலாம் என்று நினைத்தால், பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. இந்த மாதிரி வண்டிகள் இரவு தங்குவதற்கென்றே உள்ள கேரவன் பார்க்கில் இடம் பிடிக்க வேண்டும். மின் இணைப்பு உள்ள இடமாகவே கேளுங்கள். வண்டியின் பேட்டரியில் விளக்கு எரியும், தண்ணீர் மோட்டார் ஓடும், அவ்வளவுதான். ஹீட்டரும் மிக்ஸியும் ரைஸ் குக்கரும் வெளி மின்சாரத்தில்தான் ஓடும்.

சமையலுக்கு, அரிசி பருப்பிலிருந்து கறிவேப்பிலை வரை மெல்பர்னில் டான்டினாங் பக்கம் கிடைக்கும். ஊரிலிருந்து எதை எடுத்துப் போனாலும், பொடி ஊறுகாய் உட்பட, விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். வண்டிக்குள் தாளிக்காதீர்கள். மிளகாய் கருகின முதல் நொடியில் புகை அலாரம் அலறும், பக்கத்து வண்டிக்காரர் ஓடி வருவார். பார்க்கில் பொதுச் சமையலறை இருக்கும், தாளிப்பை அங்கே வைத்துக்கொண்டு, சோறும் ரசமும் உள்ளே செய்யலாம்.

சரி, அம்மா விஷயம்.

என் அம்மா பயணத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். பஸ்ஸோ காரோ, கிளம்பும் முந்தின இரவே குறைத்துவிடுவார். "தாகமே இல்லைப்பா" என்பார். பழநிக்குப் போனாலும் திருச்செந்தூருக்குப் போனாலும் உதடு காய்ந்துதான் போய்ச் சேருவார். வழியில் எந்த இடத்தில் நிறுத்துவார்கள், அங்கே கதவு பூட்டுமா, தண்ணீர் வருமா என்ற பயம். சர்க்கரை வந்த பிறகு அது இன்னும் கஷ்டமாயிற்று. இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் நாற்பது வயது வரை கேட்டதில்லை.

அந்தப் பயணத்தின் இரண்டாம் நாள் அப்போலோ பேயில் காலையில் நான் கண் விழித்தபோது, ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. அம்மா சிங்க் பக்கத்தில் நின்று அதை ஒரு துணியால் வட்டமாகத் துடைத்து, அந்த வட்டத்தின் வழியாகக் கடலைப் பார்த்தபடி ஒரு சொம்பு வெந்நீரை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். முழுச் சொம்பு. மாலை மெல்பர்னில் இருந்த என் அக்காவிடம் போனில் சொல்கிறார்: "ராத்திரி ரெண்டு தடவை எழுந்தேன். நாலு அடிதான்டி. லைட்டு இருக்கு, கதவு இருக்கு, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை."

வண்டிக்குள் இருக்கும் அந்தக் கழிவறைக்கு அடியில் கழிவு சேரும் ஒரு பெட்டி இருக்கும். தினமும் காலையில் அதை உருவி எடுத்துப் போய், பார்க்கில் அதற்கென்றே உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். அதை நீங்கள் செய்யுங்கள். அம்மா எழுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், இல்லையென்றால் சங்கடப்பட்டுக்கொண்டு மறுபடியும் தண்ணீரைக் குறைத்துவிடுவார்.

ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் கட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டும், அது பிள்ளைகளுக்கு. கழிவறைக்குப் பக்கத்திலுள்ள கீழ்க்கட்டில் அம்மாவுக்கு. வாசல்படி கொஞ்சம் உயரம், மூட்டுவலிக்காரருக்குச் சிரமம். தங்கையின் வீட்டிலிருந்து ஒரு சின்ன முக்காலி எடுத்துப் போங்கள்.