அண்ணாச்சி, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்

சென்ற சனிக்கிழமை மாலை விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். அம்மா அதே கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆனால் பேச்சு முழுவதும் கூட வந்த தாய்மாமனுடையதுதான். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில், செயற்கை நுண்ணறிவுப் பிரிவில், நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் சொல்லி வைத்துவிட்டாராம். பத்து நாளுக்குள் முன்பணம் 50,000 ரூபாய் கட்ட வேண்டுமாம்.

நான் அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா படிக்க ஆசை?" என்று கேட்டேன். "டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும்" என்றாள். மாமா சிரித்தார். "டைப்பிஸ்ட் ஆக்கவா இவ்வளவு மார்க் வாங்க வைத்தோம்?" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா வாயே திறக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல், கடையை அடைத்துவிட்டு, அவர் மட்டும் போன் செய்தார். "எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

போனில் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அண்ணாச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். கல்விக் கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் என்று உங்கள் மச்சானே சொன்னார். நான்கு ஆண்டுக்கு 7 லட்சம். ஒரு பேண்ட் தைக்க நீங்கள் 450 ரூபாய் வாங்குகிறீர்கள். 7 லட்சத்துக்கு 1,550 பேண்டுக்கு மேல் தைக்க வேண்டும். அதுவும் நூல், மின்சாரம், ஆள் கூலி எதையும் கழிக்காமல். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால் வட்டி வேறு. இந்தக் கணக்கை மச்சான் போட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் பத்திரம் அவருடையது இல்லை.

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் நான் இவ்வளவு கடுமையாகப் பேசமாட்டேன். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அந்தக் கதவு அவளுக்கு இல்லை. தவிர, கணிதத்தில் 58, இயற்பியலில் 54. தமிழில் 95, ஆங்கிலத்தில் 88. பொறியியலின் முதல் ஆண்டில் அவளை எதிர்கொள்ளப் போவது கணிதமும் இயற்பியலும்தான். பிரிவின் பெயரில் செயற்கை நுண்ணறிவு இருப்பதால் கணிதம் குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும். நான்கு ஆண்டில் பத்து அரியர் வைத்துக்கொண்டு, விடுதி அறையில் உட்கார்ந்து அழும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பி.எட்., நர்சிங், வங்கித் தேர்வு இதையெல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போனில் நீங்கள் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்: "கடையில் அளவு எழுதுவதெல்லாம் இவள்தான்." அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தேன். நீங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு உயரம், இடுப்பு, தொடை, பாட்டம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவீர்கள். அவள் ஒரு பேண்டை ஒரே வரியில் முடித்திருக்கிறாள். எண்ணின் தலையில் புள்ளி வைத்தால் அரை அங்குலம். கீழே கோடு போட்டால் லூசாக வேண்டும். பக்கத்தில் சிறு கொக்கி இருந்தால் பழைய அளவிலிருந்து மாற்றம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஒருவர் சொல்லச் சொல்ல நிறுத்தாமல், திரும்பக் கேட்காமல், தானே உண்டாக்கிய குறிகளில் எழுதி, நாலு நாள் கழித்துப் பிழையில்லாமல் படித்துக் காட்டுகிறாள். சுருக்கெழுத்து என்பது இதுதான், அண்ணாச்சி. உங்கள் கடையிலேயே அதன் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மீதிப் பாதி பிட்மன் முறை. ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்டது, இன்றும் நம் ஊர் இன்ஸ்டிடியூட்களில் ஆங்கிலத்துக்கு அதுதான். எழுத்தை அல்ல, ஒலியை எழுதும் முறை. மெல்லிய கோடு ஓர் ஒலி, அதே கோட்டை அழுத்திப் போட்டால் இன்னோர் ஒலி. நிலக்கரிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறோம்? கோல். பந்தாட்டத்தில் போடுவது? அதுவும் கோல். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். பிட்மனில் முதல் கோட்டின் தடிப்பு மட்டும்தான் வேறு. மெலிதாக இழுத்தால் நிலக்கரி, அழுத்தினால் பந்தாட்டம். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் இங்கேதான் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்தவள்தான். காது பழகிவிட்டால் பிறகு கை தானாக வரும். வேகம் கூடும்போது உயிரொலிக்கான புள்ளிகளைப் போட நேரமிருக்காது. கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதை வைத்து எந்த உயிர் என்று ஊகிக்க வேண்டும். அதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். 88 மதிப்பெண் இங்கேதான் உதவும்.

தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பிப்ரவரி, ஆகஸ்ட் என்று ஆண்டுக்கு இரண்டு முறை. சுருக்கெழுத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 80 சொல், இடைநிலைக்கு 100, முதுநிலைக்கு 120. அதற்கு மேல் உயர்வேகம் 150, 180, 200 என்று போகும். நான் இடைநிலையில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை தேறியதற்குக் காரணம், பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டதுதான். கீழ்வரி நெருங்கும்போதே இடது கட்டைவிரலால் தாளை மேலே தள்ளிக்கொண்டு வர வேண்டும். புரட்டுவதற்கென்று ஒரு நொடி நிறுத்தினால் ஒன்றிரண்டு சொல் போய்விடும்.

சம்பளம் என்ன என்று மச்சான் கேட்பார். டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்கள் இருக்கின்றன. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. தட்டச்சருக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். ஒன்றிலாவது முதுநிலை இருக்க வேண்டும், மற்றது இளநிலையாக இருந்தாலும் போதும். சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு இதோடு சுருக்கெழுத்திலும் அதே மாதிரி வேண்டும். சுருக்கெழுத்துத் தட்டச்சரின் சம்பள விகிதம் 20,600 முதல் 75,900 வரை. இளநிலை உதவியாளருக்கு 19,500இல் தொடங்குகிறது. எழுத்துத் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், 200 கேள்வி, அதில் 100 தமிழ். ஆனால் சுருக்கெழுத்துச் சான்றிதழை வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் அந்தப் பணியிடத்துக்குத் தேவைப்படும் மதிப்பெண் இளநிலை உதவியாளருக்கானதைவிடக் கீழே நிற்கும். பெண்களுக்கு 30 விழுக்காடு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்பதற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். தலைமையாசிரியர் மாறினால் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

மத்திய அரசில் எஸ்.எஸ்.சி. ஸ்டெனோகிராபர் தேர்வு. பிளஸ் டூ போதும். பத்து நிமிடம் சொல்வார்கள், 'டி' நிலைக்கு நிமிடத்துக்கு 80 சொல், 'சி' நிலைக்கு 100. 'சி' என்றால் ஆயிரம் சொல். அதை ஆங்கிலத்தில் கணினியில் அடித்து முடிக்க 40 நிமிடம். தமிழில் எழுத முடியாது, ஆங்கிலம் அல்லது இந்தி மட்டுமே. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் நீதிபதிகள் சொல்லச் சொல்ல எழுதும் நேர்முக உதவியாளர்கள் தேவை. சட்டமன்றத்தில் பேச்சைப் பதிவு செய்யும் நிருபர்கள் உயர்வேகக்காரர்கள்.

"போனில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறதே, இது எத்தனை நாள்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டு நிற்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தனியார் அலுவலகங்களில் சுருக்கெழுத்து கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால்தான் வெறும் ஸ்டெனோவாக அவள் நிற்கக் கூடாது என்கிறேன். பட்டமும் படிக்க வேண்டும், காலையில் இன்ஸ்டிடியூட், பகலில் கல்லூரி.

உங்கள் தொழில்காரர் ஒருவர் கதை சொல்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் சிம்மன்ஸ் என்று ஒருவர் ஆயத்த ஆடை செய்து விற்றுப் பெரும் பணம் சேர்த்தார். பெண்கள் தங்கள் பிழைப்பைத் தாங்களே தேடிக்கொள்ளும்படி படிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று உயில் எழுதிவைத்து 1870இல் இறந்தார். 1872இல் பாஸ்டனில் மூண்ட பெருந்தீயில் அவர் விட்டுப்போன கட்டடங்கள் எரிந்தன. கல்லூரிக்கு அனுமதி கிடைக்க 1899 ஆயிற்று, வகுப்பு தொடங்க 1902. தொடக்கத்திலேயே அங்கே செயலர் பயிற்சிக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அந்தக் காலத்தில் சுருக்கெழுத்தை மட்டும் சில மாதத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பும் வணிகப் பள்ளிகள் ஊரெங்கும் இருந்தன. இந்தக் கல்லூரி அப்படிச் செய்யவில்லை. அதே மாணவி மொழியும் பொருளாதாரமும் கணக்கும் படித்தாள். கடிதத்தை எழுதுபவளுக்கு அந்தக் கடிதம் எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வேறு கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு ஓராண்டுப் பயிற்சிக்கு அங்கே வந்தவர்களும் உண்டு. அதே கல்லூரிதான் 1970களில் பெண்களுக்கென்றே எம்.பி.ஏ. தொடங்கியது. மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள், அமெரிக்கா என்றால் காது கொடுப்பார்.

உங்கள் ஊரிலேயே பெண்கள் கல்லூரி இருக்கிறது. ஆங்கில இலக்கியம் கிடைத்தாலும் சரி, பி.காம். கிடைத்தாலும் சரி. கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் உள்ள கல்லூரியாக இருந்தால் இன்னும் பொருத்தம், ஆனால் பிளஸ் டூவில் வணிகவியல் படிக்காதவர்களைச் சேர்ப்பார்களா என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்தப் பட்டம் முடித்தால் கம்பெனி செக்ரட்டரி ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தனிப் படிப்பு, அதற்கென்று உள்ள நிறுவனத்தின் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரும். இன்ஸ்டிடியூட் கட்டணம் மாதம் சில நூறுதான், அதிலேயே முடிந்துவிடும். அந்தப் பணத்தைக் கடைச் செலவுக்கு எடுக்காதீர்கள். இதைக் கோபமாகவே சொல்கிறேன், வேறு வீடுகளில் நடந்திருக்கிறது.

முன்பணத்தைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றுதான்: கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அதைத் திரும்ப வாங்க நீங்கள் எத்தனை முறை பஸ் ஏற வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. "இடம் போய்விடும்" என்று மச்சான் அவசரப்படுத்தினால், போகட்டும் என்று சொல்லுங்கள். அவர் மனம் கோணக் கூடாது என்று அக்கா அழுவது எனக்குப் புரிகிறது. நான் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவளோடு இன்ஸ்டிடியூட்டுக்கு நீங்களே போங்கள். மாமா வேண்டாம். உள்ளே போனதும் கட்டணத்தைக் கேட்காதீர்கள். சென்ற பிப்ரவரியில் எத்தனை பேர் முதுநிலை சுருக்கெழுத்து எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த தெரு இன்ஸ்டிடியூட்டைப் பாருங்கள். முதல் நாள் தட்டச்சில் 'ஏ எஸ் டி எஃப்' அடிக்கச் சொல்வார்கள், விரல் வலிக்கும், அது இருக்கட்டும். சுருக்கெழுத்துக்கு இரண்டு சாதாரண மரப் பென்சில் வாங்கி, இரண்டு முனையும் சீவிக் கொடுங்கள். பட்டனை அழுத்தினால் முனை வெளியே வருகிற பிளாஸ்டிக் பென்சில் வேண்டாம். அழுத்தினால் ஒடிந்துவிடும், தடிப்பான கோடு அதில் வராது.